காக்க வைத்த கணக்கு

2015-ல் எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) மூலம் தொகுப்பூதியத்தில் எடுக்கப்பட்ட ஆயிரக்கணக்கான நர்ஸ்களில் நானும் ஒருத்தி. மாதம் 7,700 ரூபாய். முதல் போஸ்டிங் ஒரு 24 மணி நேர ஆரம்ப சுகாதார நிலையம். மூன்று ஸ்டாஃப் நர்ஸ், முறை வைத்து டியூட்டி. ராத்திரியில் பிரசவ வலியோடு ஒருத்தி வந்தால் விடியும்வரை அவள்தான் எனக்கு உலகம். யாரை முதலில் பார்ப்பது என்ற கேள்வியே அங்கே எனக்கு வந்ததில்லை.

2017-ல் கவுன்சலிங்கில் ஒரு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை கிடைத்தது. ஆண்கள் மெடிக்கல் வார்டு. கட்டில் 40. நான் போய்ச் சேர்ந்த அன்று எண்ணிப் பார்த்தேன், 57 பேர். மிச்சம் 17 பேர் கட்டில்களுக்கு நடுவிலும் வராந்தாவிலும் பாயில். ராத்திரி டியூட்டிக்கு இரண்டு ஸ்டாஃப். அதில் ஒருவர் சி.டி. எடுக்கப் பேஷண்டோடு போய்விட்டால் ஒருவர். கல்லூரி மருத்துவமனைகளில் 3 நோயாளிக்கு 1 நர்ஸ், மற்ற இடங்களில் 5-க்கு 1 என்று இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்து வைத்திருக்கிறது. படிக்கும்போது பரீட்சைக்கு மனப்பாடம் செய்த வரி. அதைப் பற்றிப் புலம்ப ஆரம்பித்தால் இந்தப் பக்கம் போதாது, விட்டுவிடுகிறேன்.

கல்லூரியில் கேர் பிளான், அதாவது பேஷண்டை எப்படிப் பார்த்துக்கொள்வது என்ற திட்டம், எழுதச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு பேஷண்டுக்கு ஒரு பெரிய கட்டம், ஐந்து பத்தி, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, தலைப்புக்குக் கீழே சிவப்பு மையில் அடிக்கோடு. ஒன்று எழுத ஒரு சாயங்காலம் ஆகும். 57 பேருக்கு எழுதினால் எனக்கு ரிட்டயர்மென்ட் வந்துவிடும். ஆனால் அந்தக் கட்டத்துக்குள் இருந்த யோசனை தப்பில்லை என்று இப்போது தெரிகிறது. தப்பு எங்கே என்றால், எதை எப்போது செய்யாமல் விடலாம் என்பதற்கு அதில் பத்தியே கிடையாது. வார்டில் ராத்திரி முழுக்க நாம் எடுக்கும் முடிவு அதுதான். ஒருவரிடம் முதலில் போகிறோம் என்றால் இன்னொருவரைக் காக்க வைக்கிறோம். அந்தக் காக்க வைத்த கணக்கை எழுதி வைக்காமல் போனதால் நான் பட்ட பாடுதான் இது.

அந்த வருஷம் அக்டோபரில் தமிழ்நாடு முழுக்க டெங்கு. ஓ.பி. வாசலில் பெரிய அண்டாவில் நிலவேம்புக் குடிநீர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் வார்டில் பாதிப் பேர் காய்ச்சல் கேஸ். 17-ஆம் கட்டிலில் ஒரு பையன், 22 வயது இருக்கும், காய்ச்சல் தொடங்கி ஐந்தாம் நாள். அம்மா கூட இருந்தார். வருகிறவர் போகிறவர் எல்லாரும் பிளேட்லெட் எவ்வளவு என்றுதான் கேட்டார்கள். 42,000. யாரோ பப்பாளி இலைச் சாறு கொண்டுவந்து கொடுத்திருந்தார்கள், ஸ்டூலில் டம்ளர் மூடி இருந்தது.

ராத்திரி 10 மணிக்கு டி.பி.ஆர்., பி.பி. பார்த்து எழுதினேன். டெம்பரேச்சர் 98.4. பல்ஸ் 118. பி.பி. 96/80. மூச்சு 20.

மூச்சை நான் எண்ணவில்லை. எங்கள் சார்ட்டுகளைப் புரட்டிப் பாருங்கள், அந்தப் பத்தியில் எல்லாருக்கும் 20தான், மிஞ்சிப்போனால் 18. ஒரு நிமிஷம் நின்று நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ண யாருக்கு நேரம்? அம்மாவிடம், "காய்ச்சல் விட்டுடுச்சும்மா, நல்லா தூங்கட்டும்" என்றேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். மனதுக்குள் அவனை வரிசையின் கடைசிக்குத் தள்ளிவிட்டு நகர்ந்தேன்.

பிறகு வழக்கமான ராத்திரி. டிரிப்ஸ் முடிந்துவிட்டது, ரத்தம் ஏறுது என்று நாலு பக்கமும் குரல். 31-ஆம் கட்டிலின் அட்டெண்டர் ஒருவர் கட்சிப் பிரமுகர் பெயரைச் சொல்லி மிரட்டினார். அவர் அப்பாவுக்குத் தூக்கம் வரவில்லையாம். நானும் மூன்று தடவை அங்கே போனேன். 12:40-க்கு 17-ஐத் தாண்டும்போது எட்டிப் பார்த்தேன். "தூங்குறான் சிஸ்டர், எழுப்ப வேணாம்" என்றார் அம்மா. சரி என்று போய்விட்டேன். 1:15-க்கு, டாய்லெட்டுக்குப் போக எழுப்பினால் எழுந்திருக்க மாட்டேன் என்கிறான் என்று அவரே ஓடி வந்தார். கையைத் தொட்டேன். ஐஸ் மாதிரி. நாடி நூல் போல ஓடியது.

டெங்குவில் காய்ச்சல் விடும் நேரம்தான் ஆபத்தான நேரம். மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், ஜுரம் இறங்கும்போதுதான் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிய ஆரம்பிக்கும். பி.பி.யின் மேல் எண் அவ்வளவு சீக்கிரம் விழாது. கீழ் எண் மேலே ஏறி, இரண்டும் நெருங்கி வரும். இடைவெளி 20 அல்லது அதற்குக் கீழே வந்தால் அது ஷாக். 96-லிருந்து 80 போனால் 16. என் கையால் எழுதிய எண். மேல் எண்ணை மட்டும் பார்த்து, ஒல்லிப் பையன் பரவாயில்லை என்று நினைத்தேன். கழித்துப் பார்க்கத் தோன்றவில்லை.

ஹவுஸ் சர்ஜன் ஓடி வந்தார், பி.ஜி. டாக்டர் வந்தார், டிரிப்ஸ் வேகம் கூட்டி ஐ.எம்.சி.யூ.வுக்கு (தீவிர சிகிச்சைப் பிரிவு) மாற்றினார்கள். பிழைத்துவிட்டான். ஐந்தாம் நாள் வீட்டுக்குப் போகும்போது அந்த அம்மா என்னைத் தேடி வந்து ஒரு பை நிறையக் கொய்யாப்பழம் கொடுத்தார். அதை வாங்கிக்கொண்டு நின்ற நிலையை இன்னும் மறக்க முடியவில்லை.

இங்கிலாந்தில் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிசியன்ஸ் 2012-ல் கொண்டுவந்து 2017-ல் திருத்திய நியூஸ் என்ற மதிப்பெண் முறை பற்றிப் பிறகு ஒரு பயிற்சியில் சொன்னார்கள். மூச்சு, ஆக்சிஜன் சாச்சுரேஷன், பி.பி., பல்ஸ், நினைவு, டெம்பரேச்சர் ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். கூட்டி 5 வந்தால் டாக்டரை அவசரமாகக் கூப்பிடு, 7 வந்தால் ஓடு. வீட்டுக்கு வந்து அந்தப் பையனின் பத்து மணிக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். பி.பி. 96-க்கு 2, பல்ஸ் 118-க்கு 2. மொத்தம் 4. கூப்பிடும் எல்லைக்கு ஒன்று குறைவு. கொஞ்சம் ஆறுதலாக இருந்தது, ஒரு நிமிஷம்தான். மூச்சை எண்ணியிருந்தால்? 21 இருந்தாலே இன்னும் 2 சேர்ந்திருக்கும். 12:40-க்கு எழுப்பிப் பார்த்து, கூப்பிட்டால்தான் கண் திறக்கிறான் என்று தெரிந்திருந்தால் அதற்கு மட்டும் 3. மூச்சைச் சேர்க்காமலே மொத்தம் 7. மதிப்பெண் முறையெல்லாம் நல்லதுதான். எண்ணாத மூச்சுக்கும் எழுப்பாத பேஷண்டுக்கும் அது என்ன செய்யும்?

அந்த வார்டின் இன்சார்ஜ் சிஸ்டர் அதிகம் பேச மாட்டார். மறுநாள் என்னைத் திட்டவும் இல்லை. "நாளைக்கு ஏழரைக்கே வா" என்றார். எனக்கு நைட் எட்டு மணிக்கு. போனேன். ட்ராலியைத் தொடக் கூடாது என்றார். கேஸ் ஷீட்டையும் எடுக்கக் கூடாது. சும்மா அவரோடு வார்டைச் சுற்றி வரணும்.

ஒவ்வொரு கட்டிலிலும் கால் பக்கம் நின்றார். முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை, "சாப்பிட்டீங்களா ஐயா?" பதில் வருவதற்குள் போர்வைக்கு வெளியே நீட்டியிருக்கும் காலைத் தொட்டுவிடுவார். பெரியவர்கள் பதறிக் காலை இழுத்துக்கொள்வார்கள். "ஐயோ, காலைப் போய்த் தொடறீங்களேம்மா!" அவர் சிரித்துக்கொண்டே அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார். கால் சில்லென்று இருக்கிறதா, வீங்கியிருக்கிறதா, காய்ச்சலா, எல்லாம் அந்த ஒரு தொடலில் தெரிந்துவிடும். கேட்ட கேள்விக்குப் பதில் எப்படி வருகிறது என்பதில் மூச்சும் நினைவும் தெரியும். முழு வாக்கியமாகப் பேசுகிறவர் இப்போதைக்கு இருப்பார். இரண்டு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு வாங்குகிறவரை நினைவில் வை என்றார். யூரின் பை, டிரிப்ஸ் பாட்டில், ஸ்டூலில் சாப்பாடு தொடாமல் இருக்கிறதா, இதெல்லாம் கண்ணாலேயே. 57 பேருக்கு இருபத்தைந்து நிமிஷம் ஆனது. இன்று வரைக்கும் என் ராத்திரியில் மிக லாபமான இருபத்தைந்து நிமிஷம் அதுதான். அந்த நேரத்தில் ஊசி போடுங்கள், டிரிப்ஸ் மாற்றுங்கள் என்று யார் கூப்பிட்டாலும் "சுத்தி முடிச்சிட்டு வரேன்" என்பேன். மூச்சுத் திணறல், வலிப்பு, ரத்தப்போக்கு, நெஞ்சு வலி என்றால் மட்டும் அங்கேயே நின்றுவிடுவேன்.

சுற்றி முடித்தபின் ஒரு தாள். ஏ4 தாளை நாலாக மடித்தால் சட்டைப் பையில் நிற்கும். பேஷண்ட் பெயர் எழுத மாட்டேன், கட்டில் எண் மட்டும். இந்தத் தாளை நான் மூன்று நாலு வருஷம் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். முதலில் நோய் வாரியாக எழுதினேன், உதவவில்லை. பிறகு மணி வாரியாக எழுதினேன். 10 மணி ஆன்டிபயாடிக், 12 மணி பி.பி., 6 மணி சி.பி.ஜி. (விரல் நுனியில் குத்திப் பார்க்கும் சர்க்கரை) என்று. இது பாதி உதவியது. ஏனென்றால் வேலையில் இரண்டு சாதி இருக்கிறது. கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டது ஒன்று: செப்சிஸ் (கடுமையான கிருமித்தொற்று) கேஸுக்கு ஆன்டிபயாடிக், பாம்புக்கடிக்கு ஏ.எஸ்.வி. (விஷமுறிவு மருந்து), ரத்தம் ஏற்றினால் முதல் 15 நிமிஷம் பக்கத்தில் நிற்பது, சாப்பாட்டுக்கு முன்னால் இன்சுலின். ஆளுக்குக் கட்டுப்பட்டது இன்னொன்று: இவர் மாறுகிறாரா, இல்லையா. முதல் சாதியை மணி வாரியாக எழுதலாம். இரண்டாவதை எழுத எனக்குத் தெரிந்தது கேள்விக்குறிதான். "17 – டெங்கு 5 – யூரின் போனதா?" "22 – பக்கவாதம் – விழுங்குகிறாரா?" எந்தக் கேள்விக்குப் பதில் வரவில்லையோ அந்தக் கட்டிலைத்தான் அடுத்தது பார்க்கணும். சத்தம் எங்கே வருகிறது என்று பார்த்து ஓடக் கூடாது.

இப்படிச் சொன்னதும் சத்தம் போடுகிறவர்கள் எல்லாம் சும்மா போடுகிறார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்கும் கொஞ்ச காலம் அந்தத் திமிர் இருந்தது. 12-ஆம் கட்டில் தாத்தா என்னை "பாப்பா" என்றுதான் கூப்பிடுவார். சர்க்கரைக் காலில் புண். ஒருநாள் காலையில் நான் சார்ட் எழுதிக்கொண்டிருக்கும்போது காது கூசும் கெட்ட வார்த்தையில் திட்ட ஆரம்பித்தார். டிரிப்ஸ் ஸ்டாண்டைத் தள்ளிவிட்டார். பக்கத்துக் கட்டில்காரர், "வயசாச்சு, புத்தி மாறிப்போச்சு" என்றார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. சி.பி.ஜி. பார்த்தால் 42. சர்க்கரை ஒரேயடியாக இறங்கியிருந்தது.

நடந்தது இதுதான். வயிற்று ஸ்கேன் என்று எழுதி, வெறும் வயிற்றில் வரச் சொல்லியிருந்தார்கள். சார்ட்டில் இன்சுலின் இருந்தது, நேரம் வந்தது, நானே போட்டேன். ஸ்கேன் சீட்டு கேஸ் ஷீட்டின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. கடிகாரத்துக்குக் கட்டுப்பட்ட வேலையைக் கடிகாரம் தவறாமல் செய்தேன், அவ்வளவு சரியாக! அன்றிலிருந்து ஊசியை எடுக்கும் முன் ஒரே கேள்வி: "சாப்பாடு கையில இருக்கா?" வாங்கப் போயிருக்கிறார்கள் என்றால் போட மாட்டேன். இட்லிப் பொட்டலம் கண்ணில் படணும். நினைவோடு இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிஷம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். மயங்கிக் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, ஐ.வி. வழியாக டெக்ஸ்ட்ரோஸ்தான். தாத்தா விழுங்கும் நிலையில் இல்லை. 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் ஏறி முடிவதற்குள், "என்ன பாப்பா, ஏன் எல்லாரும் நிக்கறீங்க?" என்றார். நியூஸ் முறையை 2017-ல் திருத்தியபோது புதிதாக வந்த குழப்பத்தையும் நினைவு மாற்றமாகச் சேர்த்தார்கள். அதைப் படிக்கும்போது எனக்கு அந்தத் தாத்தாவின் கெட்ட வார்த்தைதான் ஞாபகம் வந்தது. அமைதியானவர் கத்தினாலும், கத்துகிறவர் அமைதியானாலும், அங்கே போய்ப் பார்க்கணும்.

டாக்டரைக் கூப்பிடுவது பற்றி ஒரு வார்த்தை. புதிதாக வரும் பிள்ளைகள் போனில், "சார், 9-ஆம் கட்டில் பேஷண்ட் ஒரு மாதிரியா இருக்கார்" என்பார்கள். அந்தப் பக்கம் டாக்டர் கேஷுவாலிட்டியில் நாலு பேருக்கு நடுவில் நின்றுகொண்டிருப்பார். "பார்த்துக்கோங்க சிஸ்டர், வரேன்" என்பார். அவர் மேல் கோபப்பட்டுப் பிரயோஜனமில்லை. அவருக்கும் ஒரு வரிசை இருக்கிறது, அதில் உங்கள் பேஷண்டை எங்கே வைப்பது என்று முடிவு செய்ய நீங்கள் எதையும் தரவில்லை.

ஒரு மழைக்கால ராத்திரி ஒரு விவசாயக் கூலியைக் கொண்டுவந்தார்கள். முப்பத்தைந்து வயது. தரையில் படுத்துத் தூங்கியவர், நடு இரவில் வயிற்று வலி என்று எழுந்திருக்கிறார். கடித்த தடம் எங்கேயும் இல்லை. கண் இமை லேசாக இறங்கியிருப்பதைக் கேஷுவாலிட்டியில் பார்த்துக் கட்டுவிரியனாக இருக்கலாம் என்று ஏ.எஸ்.வி. 10 குப்பி போட்டு அனுப்பியிருந்தார்கள். ஐ.எம்.சி.யூ.வில் இடம் இல்லை, எங்கள் வார்டில் கண்காணிப்பு. அவர் ஒரு பிரச்சினையும் தராத பேஷண்ட். எது கேட்டாலும் தலையாட்டுவார். அதே நேரம் எதிர்க் கட்டிலில் குடியை நிறுத்தி மூன்றாம் நாளான ஒருவர், சுவரில் பூச்சி ஊர்கிறது என்று கத்திக்கொண்டிருந்தார். அவரும் ஆபத்தில்தான் இருந்தார், வலிப்பு வரலாம். ஆனால் அவருக்கு மருந்து போட்டாயிற்று, அண்ணன் தம்பி இருவர் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

கட்டுவிரியன் விஷம் தசையைக் கட்டிப்போடும். இமை, கழுத்து, கடைசியில் மூச்சு. நரம்பு முனையில் ஏற்கெனவே நடந்த சேதத்தை ஏ.எஸ்.வி. திருப்பிக் கொண்டுவராது. அதனால் பார்த்துக்கொண்டே இருக்கணும். அதற்கு மெஷின் வேண்டாம். "நல்லா மூச்சு இழுத்துக்கங்க அண்ணா, விடாம ஒன்னு ரெண்டு எண்ணுங்க" என்றேன். ஒரே மூச்சில் 31 வரை வந்தார். தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொன்னேன், தூக்கினார். அரை மணி கழித்து 24. தலையைத் தூக்கினார், நிற்கவில்லை. சாச்சுரேஷன் 98, ஆக்சிமீட்டர் பச்சையாகச் சிரித்துக்கொண்டிருந்தது. அது கடைசியில்தான் விழும். விழும்போது நமக்கு நேரம் இருக்காது.

போன் போட்டேன். "சார், பாம்புக்கடி, ஏ.எஸ்.வி. போய் ரெண்டு மணி நேரம் ஆச்சு. ஒரே மூச்சில எண்றது 31-லிருந்து 24-க்கு வந்திருக்கு, அரை மணி நேரத்துல. கழுத்து நிக்கல. சாச்சுரேஷன் 98தான். ஐ.எம்.சி.யூ.வுக்கு மாத்தணும்னு நினைக்கிறேன், இப்பவே வாங்க." மூன்று நிமிஷத்தில் வந்துவிட்டார். அவர் வந்து எண்ணச் சொன்னபோது 16. யாரையோ வெளியே மாற்றி ஐ.எம்.சி.யூ.வில் இடம் செய்தார்கள். நாலு நாள் வென்டிலேட்டரில் இருந்துவிட்டு நடந்து வீட்டுக்குப் போனார். என் தாளில் அந்த ராத்திரி இருந்த 31, 24, 16 என்ற மூன்று எண்ணை, புதிதாக வரும் பிள்ளைகளுக்கு இப்போதும் எழுதிக் காட்டுகிறேன்.

காத்திருப்பவர்களிடம் "தோ வரேன்" என்று சொல்வதை நான் நிறுத்தி வெகு நாளாகிறது. "தோ வரேன்" என்றால் அவர் இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை கூப்பிடுவார். "பதினொன்னேகாலுக்கு வரேன்" என்றால் பதினொன்னேகால் வரைக்கும் கூப்பிட மாட்டார். அந்த நேரத்துக்குப் போய் நின்றுவிட்டால் அதற்கப்புறம் அந்தக் குடும்பமே உங்கள் பக்கம். அட்டெண்டர்களை நாம் தொந்தரவு என்று நினைக்கிறோம், எனக்கு அவர்கள் ஐம்பது ஜோடிக் கண். "பார்த்துக்கங்க" என்று பொதுவாகச் சொன்னால் பயன் இல்லை. "ஒரு மணிக்கு எழுப்பித் தண்ணி குடுங்கம்மா. எழுப்பி எழுந்திருக்கலைன்னா ஓடி வாங்க. யூரின் போனா இந்தக் கப்புல பிடிச்சு வைங்க." இதை மட்டும் அந்தப் பையனின் அம்மாவிடம் அன்றைக்குச் சொல்லியிருந்தால் போதும்.

டியூட்டி கைமாற்றும்போது, முடித்ததை எல்லாரும் வரிசையாகச் சொல்வார்கள். முடியாததைச் சொல்ல வாய் வராது, இன்சார்ஜ் ஏதாவது சொல்லிவிடுவாரோ என்று. எங்கள் இன்சார்ஜ் சிஸ்டர் முடித்ததைக் கேட்கவே மாட்டார். "என்ன விட்டே?" என்பார். அவ்வளவுதான். மூன்று விட்டேன் என்றால் மூன்றையும் எழுதிக்கொள்வார். ஒன்றும் விடலை என்றால்தான் கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார்.

அந்தக் கேள்விக்கு ஒருவர் விஷயத்தில் நான் ஆறு நாள் பதில் சொல்லவில்லை. 3-ஆம் கட்டில். பஸ் ஸ்டாண்டில் விழுந்து கிடந்தவரை 108-ல் கொண்டுவந்தார்கள். வலது பக்கம் செயலிழந்து, பேச்சு இல்லை. ஊர் பேர் தெரியாது, கேஸ் ஷீட்டில் "அன்னோன் மேல், 60". மூக்கு வழியாகக் கஞ்சி. பி.பி. நிலையாக இருந்தது, காய்ச்சல் இல்லை. கூட யாரும் இல்லை, அதனால் கூப்பிடவும் யாரும் இல்லை. என் தாளில் அவருக்கு எதிரே "2 மணிக்கொரு தடவை புரட்டணும்" என்று எழுதியிருப்பேன். பன்னிரண்டு மணிக்குப் புரட்டப் போகும்போது ஒரு ஆஸ்துமா வந்து சேரும். இரண்டு மணிக்கு ஒரு நெஞ்சு வலி. மூச்சா, முதுகா என்றால் மூச்சுதான். யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள்.

ஆறாம் நாள் காலை, ஷீட் மாற்றும்போது பகல் டியூட்டி சிஸ்டர் கூப்பிட்டுக் காட்டினார். முதுகுக்குக் கீழே, வால் எலும்பு மேல், உள்ளங்கை அளவு சிவந்து, நடுவில் ஒரு ரூபாய் அகலத்துக்குத் தோல் உரிந்திருந்தது. அவர் என்னைப் பார்த்தார். வலிக்கிறது என்று சொல்ல அவருக்கு வாய் இல்லை, இடது கையால் கட்டில் கம்பியைப் பிடித்திருந்தார்.

எனக்கு விளங்க நாளானது. ஒவ்வொரு ராத்திரியும் நான் எடுத்த முடிவு சரிதான். ஆறு ராத்திரியைக் கூட்டினால்தான் தப்பு. ஒரு ராத்திரிக்குள் யார் முதல், யார் கடைசி என்று பார்க்கச் சொல்லிக்கொடுத்தார்கள், நானும் கற்றுக்கொண்டேன். நேற்றும் இதே ஆள்தான் கடைசியா என்று எந்தத் தாளும் கேட்கவில்லை. ஏனென்றால் காலையில் எட்டு மணிக்கு அந்தத் தாளைக் கசக்கிப் போட்டுவிடுகிறோம்.

இப்போது நான் போடுவதில்லை. மறுநாள் டியூட்டிக்கு நேற்றைய தாளையும் கொண்டுபோகிறேன். அதில் அடிக்காமல் விட்ட வரிகள்தான் இன்றைய தாளின் முதல் வரிகள். சுற்றி வரும்போது ஆள் துணை இல்லாதவர்களின் கட்டிலிலிருந்து ஆரம்பிக்கிறேன். வார்டு வாசலிலிருந்து ஆரம்பித்தால் மூலையில் கிடப்பவருக்கு எப்போதும் என் களைப்புதான் கிடைக்கும். புரட்டுவதைத் தனி வேலையாக வைக்காமல், எப்படியும் செய்தாக வேண்டிய வேலையோடு முடிச்சுப் போட்டேன். 10 மணி ஊசிக்கு ட்ராலி போகும்போது இடது, 12 மணி பி.பி.க்குப் போகும்போது வலது, 2 மணிக்கு மறுபடி இடது. புரட்ட இரண்டு பேர் வேண்டும். மருத்துவமனைப் பணியாளர் அக்கா ஒருவர் இரண்டு வார்டுக்குப் பொது, அவரை எதிர்பார்க்க முடியாது. 4-ஆம் கட்டிலில் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு லாரி டிரைவரைக் கேட்டேன். தயங்கித்தான் வந்தார். போர்வையை எப்படிப் பிடிப்பது, இழுக்காமல் எப்படித் தூக்குவது, முதுகுக்குப் பின்னால் தலையணையை எப்படி முட்டுக் கொடுப்பது என்று ஒரு தடவை காட்டினேன்.

மூன்றாம் நாள் ராத்திரி ஒரு வலிப்புக் கேஸோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். பின்னால் யாரோ வந்து நிற்பது தெரிந்தது. திரும்பினால் அந்த டிரைவர். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் தலையணையோடு.

"சிஸ்டர், மணி ரெண்டாச்சு. பெரியவருக்கு இப்ப இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?"